காருக்கு எண்ணெய் நலங்கு

உலகத்தின் மாபெரும் முடிவுகள் எல்லாம் ஆய்வுக்கூடத்தில் எடுக்கப்பட்டவை என்று பாடப் புத்தகத்தில் எழுதியிருக்கிறார்கள். எழுதியவர்களுக்குக் கடலூர் மஞ்சக்குப்பத்தில் சொந்தக்காரர்கள் யாரும் இல்லை போலிருக்கிறது. ஒரு காருக்கு எந்த கிரேடு எஞ்சின் ஆயில் ஊற்றுவது என்ற கேள்விக்கு விடை காண, ஜப்பானில் வெள்ளைக் கோட்டு மாட்டிய விஞ்ஞானிகள் வருடக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். பாவம், அவர்களுக்கு மாமன் மச்சான் கிடையாது. எங்கள் குடும்பம் அதே கேள்வியை ஒரே ஞாயிற்றுக்கிழமையில், ஆட்டுக்கறிக் குழம்பு கொதித்து இறங்குவதற்குள், ஒருவர் மனமும் கோணாமல் தீர்த்துவைத்தது. 2010 ஆவணியில் நிகழ்ந்த இந்தச் சாதனையைப் பற்றி எந்தப் பத்திரிகையும் மூச்சுவிடவில்லை. ஆகவே நானே எழுதுகிறேன்.

என் பெயர் பொன்னுரங்கம். கடலூரில் ஓர் அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளர். எந்த அலுவலகம் என்று சொல்வது நடத்தை விதிகளுக்கு முரணானது. மேசை மேல் வந்த காகிதத்தை நகர்த்தாமலே அது நகர்ந்துகொண்டிருப்பதாக மனுதாரரை நம்பவைக்கும் பயிற்சி எனக்கு உண்டு. வீட்டில் இதைவிடப் பெரிய பதவி. என் மாமியார் ரத்தினம்மாள் வீட்டுக்கு நான் ஒரே மாப்பிள்ளை. மாப்பிள்ளை இல்லாமல் அந்த வீட்டில் ஒரு பல்பு மாற்ற மாட்டார்கள். மாற்றியதும் நான்தான் போய்ச் சுவிட்ச் போட வேண்டும்.

ரத்தினம்மாளின் மகன், அதாவது என் மனைவியின் தம்பி, தேவநாதன். செல்போன் ரீசார்ஜ் கடை வைத்திருக்கிறான். யார் எதைச் சொன்னாலும் "அதுவும் சரிதான்" என்பான். எதிரெதிராக இரண்டு பேர் பேசினாலும் இரண்டு பேருக்கும் சொல்லுவான். இதனால் ஊரில் அவனுக்கு விரோதி என்று ஒருவரும் இல்லை.

தேவநாதனின் மனைவி மலர்க்கொடிதான் இந்த வரலாற்றில் சற்றுச் சிக்கலான பாத்திரம். மஞ்சக்குப்பத்திலேயே பியூட்டி பார்லர் நடத்துகிறாள். கல்யாணப் பெண்களுக்கு அலங்காரம் செய்வதில் கெட்டிக்காரி. மேக்கப் பெட்டி, விளக்கு ஸ்டாண்டு, சவுரி, நகை செட்டு என்று அவள் மண்டபத்துக்குக் கிளம்பினால் ஒரு குடித்தனமே கிளம்புவது போல இருக்கும். டவுன் பஸ்ஸில் கண்டக்டர் ஏற்ற மாட்டார், ஷேர் ஆட்டோவில் மற்றவர்கள் முறைப்பார்கள். ஆகவே சீட்டுப் போட்டு, சீட்டு எடுத்து, ஒரு டாக்டர் வைத்திருந்த சின்ன பெட்ரோல் காரை செகண்ட் ஹேண்டில் வாங்கிவிட்டாள். ஓட்டக் கற்றுக்கொண்டு லைசென்ஸும் எடுத்துவிட்டாள். இவை எல்லாம் எங்களைக் கலக்காமல் நடந்த காரியங்கள் என்பதால் குடும்ப வரலாற்றில் இவற்றுக்கு இடமில்லை.

அந்த ஆவணியில் அவளுக்குச் சிதம்பரத்தில் ஒரு கல்யாணம் கிடைத்தது. தெற்கு வீதி மண்டபம். கோயில் வீதியிலேயே இருக்கும் பழைய குடும்பம். பெண்ணின் பெயர் லலிதாம்பிகை. ஞாயிறு சாயங்காலம் வரவேற்பு, மறுநாள் காலை முகூர்த்தம். மண்டபத்து மேனேஜர் மலர்க்கொடியிடம் ஒன்று சொல்லியிருந்தார்: இந்தக் கல்யாணத்தை நன்றாகச் செய்துவிட்டால் அந்த சீசன் முழுக்க வருகிற கல்யாணங்களை எல்லாம் அவளிடமே அனுப்புவார். கடலூர்ப் பார்லருக்குச் சிதம்பரத்து நாலு வீதியும் திறந்துவிடும். இதை அவள் எங்கள் ஒவ்வொருவரிடமும் சொன்னாள். நாங்களும் சந்தோஷமாகக் கேட்டு, சந்தோஷமாக மறந்தோம்.

அந்தக் கல்யாணத்துக்குச் சில நாள் முன்னால் மலர்க்கொடி ஓர் ஆயில் டின்னோடு வீட்டுக்குள் வந்தாள்.

"ஆயில் கறுத்துப் போச்சுங்க. சிதம்பரம் போறதுக்குள்ள மாத்திடணும். இந்த வண்டிக்கு 20W-40தான்னு கம்பெனியிலயே சொல்லியிருக்கான். வாங்கிட்டேன். மெக்கானிக்கு கிட்ட வுட்டா அரை மணி நேரத்து வேல."

"அதுவும் சரிதான்," என்றான் தேவநாதன். "எதுக்கும் மாமாவ ஒரு வார்த்த கேட்டுக்கலாம்."

மாமா என்றால் நான். எஞ்சின் ஆயிலைப் பற்றி எனக்குத் தெரிந்தது, அது சட்டையில் பட்டால் போகாது என்பது மட்டும்தான். ஆனால் பொறுப்பில் இருப்பவனுக்கு விஷயம் தெரிந்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. கண்ணை மூடி, மூச்சை இழுத்து, "அவசரப்படக் கூடாது" என்றேன். என் பணிக்காலம் முழுவதும் எல்லாக் கோப்புகளுக்கும் பொருந்திய வாக்கியம் அது.

"இதுல அவசரம் என்னாண்ணே இருக்கு?" என்றாள் மலர்க்கொடி. "எண்ணெ மாத்தறது."

"எண்ணெய்ன்னா சும்மாவா? எஞ்சினுக்கு அதாம்மா ரத்தம். ரத்தம் மாத்தறதுக்கு முன்ன சொந்தக்காரங்களக் கூப்பிட மாட்டாங்களா? உங்க தாய்மாமன் அண்ணாகிராமத்துல டிராக்டர் வச்சிருக்காரு. உன் தம்பி சிங்கப்பூர்லேர்ந்து வந்திருக்கான். அவுங்களக் கேக்காம நீ பாட்டுக்கு ஊத்திட்டா நாளைக்கு ஒரு பேச்சு வந்துடும்."

"அதுவும் சரிதான்," என்றான் தேவநாதன்.

ஞாயிற்றுக்கிழமை எல்லோருக்கும் ஓய்வு. முகூர்த்த நாளும்கூட. அன்றைக்கே வைத்துக்கொள்ளலாம் என்று முடிவாயிற்று.

"ஞாயித்துக்கெழம எனக்கு சிதம்பரத்துல ரிசப்ஷன் இருக்குண்ணே! மூணு மணிக்கு நான் அங்க இருந்தாவணும். பொண்ண ரெடி பண்ணவே மூணு மணி நேரம் ஆவும்."

"அதுக்குத்தாம்மா ஞாயித்துக்கெழமன்னு சொன்னேன். புது எண்ணெயோட ஜம்முனு போவ."

அவள் என்னைப் பார்த்த பார்வையை நன்றி என்று எடுத்துக்கொண்டேன்.

ஞாயிறு காலையில் வாசல் முருங்கை மரத்தடியில் கார் நிறுத்தப்பட்டது. பானெட் திறக்கப்பட்டது. அதற்கு எதிரே நாற்காலிகள். மாமியார் ரத்தினம்மாள் பட்டுப்புடவை கட்டியிருந்தார். சமையல் மலர்க்கொடி பொறுப்பில் விடப்பட்டது. விழா அவளுடைய காருக்கு என்பதால் விருந்தும் அவளுடையதாக இருப்பதுதானே முறை?

மெக்கானிக் வில்வநாதன் நல்ல நேரத்திலேயே வந்து பழைய எண்ணெயை இறக்கிவிட்டார். வில்வநாதனைப் போன்ற நிபுணரை நான் பார்த்ததில்லை. பேசுகிறவர் வாயை மூடுவதற்குள் ஒப்புக்கொண்டுவிடுவார். என் அலுவலகத்தில் இப்படி ஒருவர் இருந்தால் எங்கேயோ போயிருப்பார்.

முதலில் பேசியவர் சுப்பராயலு மாமா. மலர்க்கொடிக்கும் அவள் தம்பிக்கும் சொந்தத் தாய்மாமன். அண்ணாகிராமத்தில் முந்திரித் தோப்பும் பலாவும் டிராக்டரும் உடையவர். கையோடு ஒரு டின் கொண்டுவந்திருந்தார்.

"இதான் டிராக்டருக்கு ஊத்தறது. தொட்டுப் பாரு. பலாப்பழத்துப் பால் மாதிரி நூல் நூலா இழுக்குது பாத்தியா? எண்ணெ கெட்டியா இருந்தாத்தான் எஞ்சினுக்குச் சத்து. தண்ணியா இருக்கறத ஊத்துனா வண்டி சோகை புடிச்சுப் போவும்."

"கரெக்ட் சார். கெட்டியா இருந்தா நல்லதுதான்," என்றார் வில்வநாதன்.

மலர்க்கொடியின் தம்பி அருண்பாண்டியன் சிரித்தான். சிங்கப்பூரிலிருந்து வந்து பத்து நாள்கூட ஆகவில்லை. வெயிலைப் பற்றி வெளிநாட்டுக்காரன் மாதிரி அலுத்துக்கொண்டிருந்தான். சென்னையில் இறங்கியதும் பெரிய கடையில் தேடி வாங்கியதாக ஒரு பளபளப்பான டின்னை எடுத்து வைத்தான்.

"மாமா, நீ சொல்றதெல்லாம் பழைய காலம். அங்கெல்லாம் ஆயில் தண்ணி மாதிரிதான் இருக்கும். ஜீரோ டபிள்யூ ட்வென்டி. ஃபுல் சிந்தெடிக்."

"கரெக்ட் சார். தண்ணியா இருந்தா ஸ்மூத்தா ஓடும்," என்றார் வில்வநாதன்.

ரத்தினம்மாள் திடுக்கிட்டார். "சிந்தெடிக்கா? எங்கிட்ட ஒரு சிந்தெடிக் பொடவ இருக்குது. சித்திரையில கட்னா வேர்த்து வேர்த்து மேலெல்லாம் அரிக்கும். வண்டி வாயில்லாத ஜீவன். அதுக்கு அரிச்சா யார்கிட்ட சொல்லும்?"

"அம்மா சொல்றதுலயும் ஒரு பாயின்ட் இருக்கு," என்றார் வில்வநாதன்.

விவாதம் இப்போது அறிவியலின் ஆழத்துக்குள் இறங்கியது. 20W-40, 0W-20 என்று எல்லாவற்றின் நடுவிலும் உட்கார்ந்திருக்கும் அந்த W எதற்கு என்று நான் தலைமை வகிக்கிற முறையில் கேட்டேன்.

"வின்டர்ண்ணே. குளிர்காலம்," என்றான் அருண்பாண்டியன்.

"கடலூர்ல ஏதுடா குளிர்காலம்?" என்றார் சுப்பராயலு மாமா. "இருக்கறது வெயிலு, இல்லன்னா புயலு. குளிரே இல்லாத ஊருக்குக் குளிர் எண்ணெ எதுக்கு?"

"ஏன் இல்ல?" என்றார் ரத்தினம்மாள். "மார்கழியில ஆருத்ரா தரிசனத்துக்குச் சிதம்பரம் போயி எனக்குப் புடிச்ச சளி பங்குனி வரைக்கும் வுடலியே! வண்டியும் சிதம்பரந்தான போவப் போவுது?"

"அப்ப மார்கழி ஒரு மாசத்துக்கு மட்டும் தனி எண்ணெ வச்சுக்கலாம்," என்றேன். எல்லோரும் தலையாட்டினார்கள். நடுவில் இருந்த எழுத்துக்கு ஒரு மாதம் ஒதுக்கித் தந்த திருப்தி எனக்கு இருந்தது.

அடுப்படியிலிருந்து மலர்க்கொடி கரண்டியோடு வந்தாள். "இந்த வண்டிக்கு 20W-40. நான் வாங்கி வச்சிருக்கேன். அத ஊத்தி மூடுங்க. நேரம் ஆவுது."

"பெரியவங்க பேசிக்கிட்டு இருக்கறோம் இல்ல?" என்றார் சுப்பராயலு மாமா, பாசத்தோடு. "குழம்பு அடி புடிக்கப் போவுது, போய்ப் பாரும்மா."

அவள் போனதும் நிலைமை மோசமானது. மாமாவின் எண்ணெயை ஊற்றினால் அருண்பாண்டியன் அடுத்த விமானத்திலேயே திரும்பிவிடுவான் போலிருந்தது. அவனுடையதை ஊற்றினால் மாமா சாப்பிடாமல் பஸ் ஏறுவார். மாமியாரோ வண்டிக்கு உஷ்ணம் ஜாஸ்தி, விளக்கெண்ணெய் ஒரு கரண்டி விட்டே ஆக வேண்டும் என்று அடம் பிடித்தார். சின்ன வயதில் தேவநாதனின் வயிற்று வலிக்கு அதைத்தான் கொடுத்தாராம். அவன் இன்றைக்கும் குளிர்ச்சியாகத்தான் இருக்கிறான்.

இந்த நெருக்கடியில்தான் அந்த யோசனை உதித்தது. அது என்னுடையது என்பதைத் தன்னடக்கத்தோடு தெரிவித்துக்கொள்கிறேன். கல்யாணத்தில் பெண்ணுக்கு நலங்கு வைக்கிறோம். அத்தை ஒரு சொட்டு எண்ணெய், சித்தி ஒரு சொட்டு, பெரியம்மா ஒரு சொட்டு. யார் எண்ணெய் உசத்தி என்று அங்கே யாராவது சண்டை போடுகிறார்களா? எல்லோரும் வைக்கிறார்கள், பெண்ணும் நன்றாகத்தான் இருக்கிறாள்.

"காருக்கும் நலங்கு வச்சிடுவோம்," என்றேன். "ஆளுக்குக் கொஞ்சம். யார் மனசும் நோகாது."

சுப்பராயலு மாமா எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "மாப்ளன்னா இவரு மாப்ள!" என்றார். மாமியார் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"சூப்பர் சார். இந்த மாதிரி எந்த ஷோரூம்லயும் பண்றதில்ல," என்றார் வில்வநாதன். அவர் வாழ்க்கையில் சொன்ன ஒரே முழு உண்மை அதுவாகத்தான் இருக்கும்.

ஆனால் முதல் ஊற்று யாருடையது? தாய்மாமன்தான் முதலில் என்பது முறை. "நாந்தான் தாய்மாமன்," என்று மாமா வேட்டியை மடித்துக் கட்டினார்.

"அக்காவுக்கு நீ தாய்மாமன், சரி," என்றான் அருண்பாண்டியன். "வண்டி யார் பேர்ல இருக்குது? அக்கா பேர்ல. அப்ப வண்டிக்குத் தாய் அக்கா. அக்காகூடப் பொறந்தவன் நானு. வண்டிக்குத் தாய்மாமன் நாந்தான்!"

"அட, நேத்துப் பொறந்த பய! உனக்கே காது குத்துனப்ப மடியில வச்சிருந்தவன்டா நான்!"

"அதுவும் சரிதான்," என்றான் தேவநாதன் இருவரையும் பார்த்து.

மலர்க்கொடி மறுபடி வாசலுக்கு வந்தாள். "பன்னண்டு ஆவப் போவுதுங்க. நான் பஸ்லயே போயிடறேன். என் பெட்டிய மட்டும் எறக்கிக் குடுங்க."

"நலங்கு வைக்கற நேரத்துல வண்டிக்காரி பஸ்ல போறதா?" என்று மாமியார் பதறினார். "நாலு பேர் கேட்டா என்னா சொல்லுவாங்க? ஒக்காரு. எல்லாரும் உனக்காகத்தான் கஷ்டப்படறாங்க."

முடிவில் இரண்டு தாய்மாமன்களும் ஒரே புனலில் ஒரே சமயத்தில் ஊற்றுவது என்று உடன்படிக்கை ஏற்பட்டது. டிராக்டர் எண்ணெயும் சிங்கப்பூர் எண்ணெயும் தோளோடு தோள் உரசிக்கொண்டு இறங்கின. அடுத்து மாமியார் அருகம்புல்லைத் தோய்த்து மூன்று தரம் சுற்றி, விளக்கெண்ணெயை விட்டார். ஒரு கரண்டி என்று சொன்னவர் பாசத்தில் கிண்ணத்தையே கவிழ்த்துவிட்டார். பிறகு நான். எங்கள் அலுவலக ஜீப்புக்கு வாங்கி, ஜீப் ஓடாததால் மீந்து, மீந்ததால் என் வீட்டுப் பரணில் பாதுகாக்கப்பட்டுவந்த ஒரு டின்னை அரசின் சார்பில் ஊற்றினேன். வில்வநாதன் மனம் மட்டும் ஏன் நோக வேண்டும் என்று அவரையும் கூப்பிட்டோம். அவர் தன் கடை டிரம்மிலிருந்து கொண்டுவந்த, கிரேடு இன்னதென்று அவருக்கே தெரியாத எண்ணெயை ஊற்றினார்.

எண்ணெய் அளவு பார்க்கும் கம்பியை இழுத்துப் பார்த்தவர் தலையைச் சொறிந்தார். "மேல் கோட்டத் தாண்டிப் போயிடுச்சு சார். நெறையவே தாண்டிடுச்சு."

"கொறஞ்சாத்தான தப்பு? ஜாஸ்தியா இருந்தா என்னா?" என்றார் மாமா.

"ஆமா சார். ஜாஸ்தியா இருந்தா நல்லதுதான்."

மலர்க்கொடி ஓடி வந்தாள். "மேல் கோட்டுக்கு மேல போவக் கூடாதுங்க! எஞ்சின் கெட்டுடும். எல்லாத்தையும் எறக்கிட்டு இத ஊத்துங்க." கையில் அந்த 20W-40 டின். சீல்கூட உடைக்கவில்லை.

"நலங்கு வச்ச எண்ணெய எறக்கறதா? அபசகுனமாப் பேசாத," என்றார் மாமியார்.

"இத ஊத்த எடமில்லையேம்மா," என்றேன் நான், மிகுந்த அனுதாபத்தோடு. உண்மையிலேயே இடமில்லை. அந்த டின்னை வில்வநாதன் கூலியில் கழித்துக்கொள்வதாகச் சொல்லி எடுத்துப்போனார்.

அதற்குள் எமகண்டம் வந்துவிட்டது. எமகண்டத்தில் வண்டி எடுக்கக் கூடாது என்பதால் சாப்பிட உட்கார்ந்தோம். குழம்பு அபாரம். மலர்க்கொடி பரிமாறினாள், ஒரு கண் கடிகாரத்தில். அருண்பாண்டியன் மட்டும் காரம் கொஞ்சம் தூக்கல் என்றான்.

எமகண்டம் முடிந்து, வெற்றிலை போட்டு, வண்டி கிளம்பும்போது மூன்றை நெருங்கிக்கொண்டிருந்தது. சோதனை ஓட்டத்துக்கு யார் யார் போவது என்பதில் தகராறு இல்லை. எண்ணெய் ஊற்றியவர்கள் எல்லோரும் போக ஆசைப்பட்டோம். மாமியாரை மட்டும் மாத்திரை சாப்பிட வேண்டியிருந்ததால் விட்டுவிட்டோம். நலங்கு வைத்த வண்டியை முதலில் ஆண்பிள்ளை ஓட்டுவதுதான் உசிதம் என்று தேவநாதன் ஸ்டியரிங்கில் உட்காரவைக்கப்பட்டான். முன்னால் மாமா. பின்னால் நான், அருண்பாண்டியன், ஓரத்தில் மடியில் பெட்டியோடு வண்டியின் சொந்தக்காரி. விளக்கு ஸ்டாண்டு அவள் கழுத்துக்கும் கதவுக்கும் நடுவில் இருந்தது.

"வண்டி எப்படிப் போவுது பாத்தியா? வெண்ண!" என்றார் மாமா.

"என்னோட ஆயில் மாமா அது," என்றான் அருண்பாண்டியன்.

தொழிற்பேட்டைப் பக்கம் போகும்போது பின்னால் புகை வந்தது. அந்தப் பக்கத்தில் புகை ஒன்றும் புதிதில்லை என்பதால் கண்ணாடியை ஏற்றிக்கொண்டோம். தொழிற்பேட்டையைத் தாண்டிய பிறகும் புகை எங்கள் கூடவே வந்தது. ஆலப்பாக்கம் தாண்டியதும் பின்னால் வந்த பஸ்காரர் எங்களை முந்தி, தலையை வெளியே நீட்டி, இங்கே எழுத முடியாத ஒரு சொல்லைச் சொன்னார். அதற்குச் சற்றுத் தூரத்தில் கார் இருமியது, நடுங்கியது, நின்றது. பானெட் இடுக்கிலெல்லாம் எண்ணெய் நுரைத்துக்கொண்டு வந்தது.

"ஸ்டார்ட் பண்ணிப் பாரு," என்றோம். உள்ளே கடகடவென்று ஒரு சத்தம். அதற்குப் பிறகு அதுவும் இல்லை.

உடனே ரோட்டோரத்தில் அவசரக் கூட்டம் கூடியது.

"பொக வெள்ளையா வருது. வெளக்கெண்ணெதான் காரணம்," என்றான் அருண்பாண்டியன்.

"நீலமா வருதுடா! உன் சிந்தெடிக்குதான்," என்றார் மாமா.

"கொஞ்சம் கறுப்பும் இருக்கே," என்றேன், அரசு எண்ணெய்க்குப் பழி வராதவாறு மாமாவைப் பார்த்துக்கொண்டே.

"அதுவும் சரிதான்," என்றான் தேவநாதன்.

மலர்க்கொடி பெட்டியையும் ஸ்டாண்டையும் இறக்கி, ரோட்டில் நின்று பஸ்ஸுக்குக் கை நீட்டினாள். முகூர்த்த நாள். ஒவ்வொரு பஸ்ஸிலும் படியில் ஆள் தொங்கியது. ஒன்றும் நிற்கவில்லை.

"கொஞ்சம் இரும்மா. என்ன காரணம்னு முடிவு பண்ணிட்டு எல்லாரும் சேந்தே போவலாம்," என்றேன்.

அவள் திரும்பிப் பார்த்தாள். "அங்க ஒரு பொண்ணு தலைய விரிச்சிப்போட்டுக்கிட்டு எனக்காக ஒக்காந்திருக்குதுண்ணே!" நான் புகையின் நிறத்தைப் பார்க்கத் திரும்பிக்கொண்டேன்.

கடைசியில் கடலூர் துறைமுகத்திலிருந்து சிதம்பரம் போகிற மீன் வண்டிக்காரர் ஒருவர் நிறுத்தினார். ஐஸ் பெட்டிகளுக்கு மேலே வரவேற்புக்காகக் கட்டியிருந்த பட்டுப்புடவையைச் சுருட்டிக்கொண்டு ஏறி உட்கார்ந்து அவள் போனாள். எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லிக்கொள்ளவில்லை. "பாத்தியா, எவ்ளோ திமிரு," என்று மாமா வருத்தப்பட்டார்.

முந்திரி ஏற்றிப்போன லாரியில் கயிறு கட்டிக் காரை இழுத்துக்கொண்டு நாங்கள் பொழுது சாய்வதற்குள் வீடு வந்தோம். வில்வநாதன் வந்து பார்த்தார். எஞ்சினை இறக்கிப் பிரிக்க வேண்டும், பிரித்தாலும் தேறுமா தெரியாது, பழைய இரும்புக்குப் போட்டாலும் நல்ல விலை வரும் என்றார். மிச்சக் குழம்பைச் சூடு பண்ணி இட்லியோடு சாப்பிட்டுக்கொண்டே விசாரணை நடத்தினோம். எண்ணெயில் குற்றமில்லை என்பது முதலிலேயே முடிவாகிவிட்டது. ஐந்து பேர் பாசமாக ஊற்றிய எண்ணெய் எப்படிக் கெடுதல் செய்யும்? எதிர்வீட்டுக்காரி பார்த்த கண் திருஷ்டி ஒரு காரணம். மேக்கப் பெட்டியின் பாரம் இன்னொரு காரணம். இரண்டும் ஏற்கப்பட்டன. ஒருவர் மனமும் நோகவில்லை. அருண்பாண்டியனும் மாமாவும் ஒரே தட்டிலிருந்து இட்லி எடுத்துக்கொண்டதைப் பார்த்து மாமியார் உருகிப்போனார்.

அப்போதுதான் மலர்க்கொடி வந்தாள். புடவை முந்தானையில் மீன் செதில் ஒட்டிக்கொண்டிருந்தது. பெட்டியைக் கூடத்தில் வைத்துவிட்டு அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"என்னாச்சும்மா?" என்றேன்.

"நான் போறப்ப பொண்ணு மேடை ஏறியாச்சு. அவுங்க சித்தியே பவுடர் பூசி, தலைய வாரி ஏத்தி வுட்டுட்டாங்க. மூஞ்சி ஒரு நெறம், கழுத்து ஒரு நெறம். அது வாசல்ல நின்ன என்னையப் பாத்துட்டு மேடையில நின்னுக்கிட்டே அழுவுது. போட்டோக்காரன் சிரிங்க சிரிங்கன்றான்." முந்தானையில் ஒட்டியிருந்த செதிலை உரித்தெடுத்தாள். "பொண்ணோட அம்மா கார்த்யாயினி அம்மா என்னைய மண்டபத்துக்குள்ளயே வுடல. மேல அடிச்ச மீன் வாடைக்கு மூக்கப் பொத்திக்கிட்டே, காலையில முகூர்த்தத்துக்கும் வர வேணாம்னுட்டாங்க. மேனேஜரு பாண்டிச்சேரி பார்லருக்குப் போன் பண்ணிட்டாரு. இனிமே அங்கேர்ந்துதான் வருவாங்களாம்."

எனக்கு உள்ளுக்குள் சுருக்கென்றது. மாப்பிள்ளை என்பதால் வெளியில் காட்டிக்கொள்ளவில்லை. தேவநாதன் "அதுவும்..." என்று ஆரம்பித்து, வாழ்க்கையில் முதல் தடவையாக அந்த வாக்கியத்தை முடிக்காமல் விட்டான்.

சுப்பராயலு மாமா கை கழுவிக்கொண்டு வந்து, மருமகளின் தலையைத் தடவிக்கொடுத்தார். "வுடும்மா. போனாப் போவுது, வண்டிதான? ஊர் ஊரா அலையாம, வீட்டோட இருந்து பக்கத்துத் தெருப் பொண்ணுங்களுக்குப் புருவம் திருத்து, போதும்."

மலர்க்கொடி நிமிர்ந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நிதானமாகத்தான் கேட்டாள்.

"மாமா, உங்க டிராக்டருக்கு எண்ணெ மாத்தறப்ப யார் யார வந்து ஊத்தச் சொல்வீங்க?"

மாமாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இவ்வளவு விவரம் கெட்ட கேள்வியை அவர் அன்று முழுக்கக் கேட்டதில்லை.

"டிராக்டருக்கா? நல்லாக் கேட்ட போ! கம்பெனிக்காரன் வந்து, அவன் சொல்ற எண்ணெய அவன் கையாலயே ஊத்தணும். வேற ஒரு பயலக் கிட்ட வுட மாட்டேன். அதுல போயி வெளையாட முடியுமாம்மா? அது எங்க பொழப்பாச்சே!"

எதிர்த்துப் பேச ஒருவரும் இல்லாததால் மாமாவின் வாக்குமூலம் ஒருமனதாக நிறைவேறியது. குற்றவாளிகள் அனைவரும் கூட்டத்துக்கு வந்திருந்தார்கள்.